வேகம் ஒன்று, விடுதலை வேறு

எந்தப் பொருளிலும் துணிக்கைகள் ஓய்ந்திருப்பதில்லை. கல்லில் அவை அதிர்கின்றன, நீரில் நழுவுகின்றன, காற்றில் பறக்கின்றன. இந்த அசைவின் அளவைத்தான் வெப்பநிலை காட்டுகிறது. ஒரு பொருளின் துணிக்கைகள் சராசரியாக எவ்வளவு இயக்கச் சக்தி கொண்டிருக்கின்றனவோ, அதற்கேற்பவே வெப்பமானி ஏறும், இறங்கும்.

இதிலிருந்து வரும் ஒரு முடிவு பலருக்கு வியப்பளிக்கும். ஒரே வெப்பநிலையில் இருக்கும் திண்மத்திலும் திரவத்திலும் வாயுவிலும் துணிக்கைகளின் சராசரி இயக்கச் சக்தி ஏறத்தாழ ஒன்றே. திண்மத்தில் மூலக்கூறுகள் மெதுவாகவும், திரவத்தில் சற்று வேகமாகவும், வாயுவில் மிக வேகமாகவும் ஓடுகின்றன என்ற எண்ணம் பள்ளிக்கூடப் படங்களில் இருந்து மனத்தில் பதிந்துவிடுகிறது. அது தவறு. மூன்று நிலைகளையும் பிரிப்பது வேகம் அன்று. அந்த வேகத்தைக் கொண்டு ஒரு துணிக்கை எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதே.

வடக்கே பன்குடாவெளியில் இருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் இருக்கும் ஒரு நாளில் வாவியின் மேலுள்ள காற்றும், வாவி நீரும், 1924இல் கட்டப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தின் இரும்பும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்கும். அப்போது காற்றிலுள்ள நைதரசன் மூலக்கூறின் வேகம் செக்கனுக்குச் சுமார் 520 மீற்றர். ஒட்சிசன் சற்றுப் பாரமானது. அதன் வேகம் 490 மீற்றர். நீராவி மூலக்கூறு இரண்டையும் விட இலேசானது என்பதால் 650 மீற்றரை எட்டும். வாவிக்குள் திரவமாகக் கிடக்கும் நீர் மூலக்கூறின் வேகமும் அதே 650 மீற்றர்தான். பாலத்தின் இரும்பில் ஒவ்வோர் அணுவும் செக்கனுக்கு 370 மீற்றர் அளவான வேகத்தில் முன்னும் பின்னும் துடிக்கிறது. துப்பாக்கிக் குண்டு ஒன்றின் வேகத்தோடு வைத்துப் பேசத்தக்க வேகம் இது. ஆனாலும் பாலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பனிக்கட்டி, நீர், கொதிநீராவி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே பாடம் தொடங்குவதால்தான் குழப்பம் வருகிறது. அந்த மூன்றின் வெப்பநிலையும் வேறு. அங்கேயும் வேறுபாடு பெரிதன்று. 100 பாகையில் உள்ள நீராவி மூலக்கூறு, 0 பாகையில் உள்ள பனிக்கட்டியின் மூலக்கூறை விட வேகத்தில் ஏறத்தாழ 17 சதவீதமே கூடியது.

காற்றில்

வாவியின் மேல் ஒரு கன சென்ரிமீற்றர் காற்றில் 24க்குப் பின் 18 பூச்சியங்கள் போட்டால் வரும் அளவு மூலக்கூறுகள் உள்ளன. எண்ணிக்கை பெரிதாயினும் அவற்றுக்கிடையே வெற்றிடமே அதிகம். அடுத்தடுத்த இரு மூலக்கூறுகளுக்கு இடையேயான தூரம் சராசரியாக ஒரு மூலக்கூறின் அளவைப் போல் பத்து மடங்கு. இந்தத் தூரத்தில் ஒன்றையொன்று இழுக்கும் விசை புறக்கணிக்கத்தக்க அளவு சிறியது. ஆகவே ஒவ்வொன்றும் நேர்கோட்டில் ஓடுகிறது, இன்னொன்றில் மோதுகிறது, திசை மாறி மீண்டும் ஓடுகிறது. ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைக்கும் ஓட்டம் மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை விடக் குறைவு. ஒரு செக்கனில் ஏறத்தாழ 700 கோடி மோதல்கள். காற்றமுக்கம் என்பது இதே மூலக்கூறுகள் ஒரு பரப்பில் வந்து மோதும் மோதல்களின் கூட்டு விளைவு. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் அது ஒரு கிலோகிராம் நிறை அழுத்துவதற்குச் சமம்.

இத்தனை வேகம் இருந்தும் வாயு மூலக்கூறு விரைவில் எங்கும் போய்ச் சேர்வதில்லை. மோதலுக்கு மோதல் திசை மாறுவதால் அதன் பயணம் ஒழுங்கற்ற அலைச்சலாகிவிடுகிறது. முற்றிலும் அசைவற்ற காற்றில் ஒரு நீராவி மூலக்கூறு ஒரு மீற்றர் விலகிப் போக ஐந்து, ஆறு மணித்தியாலம் எடுக்கும். செக்கனுக்கு 650 மீற்றர் ஓடும் ஒன்றுக்கு இது நம்ப முடியாத அளவு மெதுவான முன்னேற்றம். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஏற்றிய கற்பூரத்தின் மணம் வீதிவரை சில நொடிகளில் வருவதற்குக் காரணம் கற்பூர மூலக்கூறின் சொந்த ஓட்டம் அன்று. காற்று அதைத் தூக்கிச் சுமந்து வருகிறது. காற்று அசையாவிட்டால், நீராவியை விடப் பல மடங்கு பாரமான அந்த மூலக்கூறு மிக நீண்ட நேரம் கழித்தே வந்து சேரும்.

இந்த அலைச்சலுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆற்றொழுக்காக ஓடும் பொருள் இரண்டு மடங்கு தூரம் போக இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அலையும் மூலக்கூறுக்கோ நான்கு மடங்கு நேரம் வேண்டும். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு நேரம். 1827இல் ரொபேர்ட் பிரவுண் என்ற தாவரவியலாளர் நுணுக்குக்காட்டியின் கீழ் நீரில் கிடந்த மிகச் சிறு துணிக்கைகள் ஓயாமல் நடுங்குவதைக் கண்டார். அவை உயிருள்ளவை அல்ல என்பதையும் சோதித்து உறுதி செய்தார். கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் இருந்து இடிப்பதால் வரும் நடுக்கம் அது என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் கணித முறையில் நிறுவினார். தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது என்ற விதி அதிலிருந்து வந்தது. பிரான்சின் ஜீன் பெரன் அடுத்த சில ஆண்டுகளில் அதை அளந்து காட்டினார். 1926இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூலக்கூறு வெறும் கற்பனை என்று வாதிட்டவர்களுக்கு அதன் பின் பேச இடமில்லாமல் போயிற்று.

நீரில்

திரவத்தில் மூலக்கூறுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒரு கன சென்ரிமீற்றர் வாவி நீரில் உள்ள மூலக்கூறுகள், அதே அளவு காற்றில் உள்ளவற்றைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். ஓடுவதற்கு வெளி இல்லை. ஆடி அமாவாசை அன்று மாமாங்கத் தீர்த்தக்குளத்தைச் சுற்றி நிற்கும் சனக்கூட்டத்தில் ஒருவர் ஓர் அடி நகர வேண்டுமானால், பக்கத்தில் நிற்பவர் சற்று விலகி இடம் விட வேண்டும். நீர் மூலக்கூறின் நிலைமையும் அதுதான்.

நீரில் இன்னொரு கட்டும் உண்டு. ஒரு மூலக்கூறின் ஐதரசன் முனை, அயல் மூலக்கூறின் ஒட்சிசன் முனையைப் பற்றிக்கொள்கிறது. ஐதரசன் பிணைப்பு எனப்படும் இந்தப் பிடி, ஒவ்வொரு மூலக்கூறையும் ஏறத்தாழ நான்கு அயலவரோடு சேர்த்து வைக்கிறது. ஆனால் பிடி நிலைப்பதில்லை. ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் அது அறுந்து, வேறொருவரோடு மீண்டும் கட்டப்படுகிறது. பிடி எப்போதும் இருப்பதால் நீர் சிதறிப் பறக்காமல் வாவிக்குள் கிடக்கிறது. பிடி ஓயாமல் மாறுவதால் அது ஓடுகிறது, கலத்தின் வடிவத்தைக் கொள்கிறது.

மாரியில் முந்தனையாறு போன்ற ஆறுகள் கொண்டுவரும் கலங்கல் நீர் இந்த அசைவை மறைமுகமாகக் காட்டுகிறது. அந்தக் கலங்கலில் உள்ள மிக நுண்ணிய களித் துணிக்கைகளை நீர் மூலக்கூறுகள் இடித்துக்கொண்டே இருப்பதால் அவை நாட்கணக்கில் அடையாமல் மிதக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் மறை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன, ஒட்டுவதில்லை. ஆற்று நீர் உப்பு நீரைச் சந்திக்கும் இடத்தில் நிலைமை மாறும். உப்பின் அயன்கள் அந்தத் தள்ளுகையைத் தணித்துவிடுகின்றன. பிரவுணியன் அசைவு துணிக்கைகளை ஒன்றோடொன்று மோதவைக்க, அவை ஒட்டித் திரண்டு பாரம் கூடிக் கீழே இறங்குகின்றன. கழிமுகங்களில் சேறு படிவதற்கு ஆற்றின் வேகம் குறைவது ஒரு காரணம். இந்தத் திரட்சி மற்றொரு காரணம்.

இரும்பில், உப்பில், கற்பூரத்தில்

திண்மத்தில் துணிக்கைக்கு இடம் நிரந்தரம். இரும்பு அணு அயல் அணுக்களின் பிடிக்குள் நின்று செக்கனுக்குப் பத்து இலட்சம் கோடி அளவான தடவைகள் அதிர்கிறது. உப்புப் பளிங்கில் சோடியம் அயனும் குளோரைட்டு அயனும் மாறி மாறி அடுக்கப்பட்டு, தத்தம் இடத்திலேயே துடிக்கின்றன. வெப்பநிலை ஏறினால் அதிர்வின் வீச்சு கூடும். இரு அணுக்களை நெருக்குவது கடினம், விலக்குவது சற்று எளிது. ஆகவே அதிர்வு கூடும்போது சராசரித் தூரமும் கூடுகிறது. 100 மீற்றர் நீள இரும்பு, 10 பாகை சூடேறினால் 12 மில்லிமீற்றர் நீளும். இதற்கு இடம் விடாமல் பாலம் கட்டினால் அதன் மூட்டுகள் நெளிந்துவிடும்.

பளிங்குக்குள்ளும் சில வேளை துணிக்கை இடம் மாறுவதுண்டு. உறைநிலைக்குச் சற்றுக் கீழேயுள்ள பனிக்கட்டியில் ஒரு நீர் மூலக்கூறு மெல்ல அலைந்து திரிகிறது. ஆனால் திரவ நீரில் நடக்கும் அலைச்சலை விட அது ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு மெதுவானது.

கற்பூரம் தனியாகப் பேசத்தக்க திண்மம். அதன் மூலக்கூறு ஏறக்குறைய உருண்டை வடிவமானது. சாதாரண வெப்பநிலையில் அவை ஒழுங்கான வரிசைகளில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே பல திசைகளில் புரண்டு சுழல்கிறது. இடம் மாற விடுதலை இல்லை, திரும்ப விடுதலை உண்டு. மூலக்கூறுகளுக்கு இடையேயான பிடியும் தளர்வானது. 175 பாகைக்கு மேல்தான் கற்பூரம் உருகும் என்றாலும், உருகாமலேயே மேற்பரப்பு மூலக்கூறுகள் பிடியை விட்டுக் காற்றில் ஏறிவிடுகின்றன. மூடாமல் வைத்த கற்பூரக்கட்டி சிறுத்துப்போவதற்கு இந்தப் பதங்கமாதலே காரணம். திண்மம் என்ற ஒரே பெயருக்குள் இரும்பும் கற்பூரமும் இருப்பது, மூன்று நிலைகள் என்ற பாகுபாடு எவ்வளவு பொதுப்படையானது என்பதைக் காட்டுகிறது.

பிடி விடுபடும்போது

வாவியின் மேற்பரப்பில் உள்ள எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் இல்லை. 650 மீற்றர் என்பது சராசரியே. சில மந்தமாக இருக்கும். சிலவற்றுக்கு அயல் மூலக்கூறுகள் இடித்த இடியில் பன்மடங்கு சக்தி கிடைத்திருக்கும். அத்தகையது மேற்பரப்பில் இருந்தால் பிடிகளை அறுத்துக்கொண்டு காற்றில் ஏறும். காற்றில் அலையும் நீராவி மூலக்கூறுகளில் சில மீண்டும் வந்து நீரில் விழும். இந்தப் போக்கும் வரவும் மிகப் பெரிது: 30 பாகையில் ஈரம் நிறைந்த காற்றுக்குக் கீழே, ஒரு சதுர சென்ரிமீற்றர் நீர்ப்பரப்பை ஒவ்வொரு செக்கனிலும் வந்து அடிக்கும் நீராவி மூலக்கூறுகள் மட்டும் 15க்குப் பின் 21 பூச்சியங்கள் அளவு. விழுபவை அளவுக்கே எழுபவையும் இருப்பதால் நீர்மட்டம் மாறுவதில்லை. ஒரு கன மீற்றர் காற்று அந்த வெப்பநிலையில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும், அதுவே நிறைவு.

கச்சான் காற்று இந்தச் சமநிலையைக் குலைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, கிழக்கே இறங்கும்போது சூடேறி மட்டக்களப்புக்கு வருகிறது. அந்த வறண்ட காற்றில் திரும்பி விழ நீராவி மூலக்கூறுகள் குறைவு. எழுந்தவற்றையும் காற்று அள்ளிச் செல்கிறது. வாவி வற்றுவதும், கரையில் காயவைத்த கருவாடு விரைவில் உலர்வதும், வெற்றுடம்பில் வியர்வை தெரியாமல் போவதும் ஒரே காரணத்தால்தான்.

சக்தி மிக்கவை வெளியேறும்போது எஞ்சியவற்றின் சராசரி குறைகிறது, நீர் குளிர்கிறது. ஒரு கிராம் நீர் 30 பாகையில் ஆவியாக ஏறத்தாழ 2,430 யூல் சக்தி வேண்டும். அது அரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட நீரை ஒரு பாகை குளிர்விக்கப் போதும். மண்பானை நீர் தண்ணென்று இருப்பது இதனால்.

மீனைக் காக்கும் ஐஸ் எதிர்ப்பக்கத்தில் இருந்து இதே உண்மையைச் சொல்கிறது. 0 பாகையில் உள்ள ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகி, அதே 0 பாகையில் நீராவதற்கு 334 கிலோயூல் சக்தியை மீனிடமும் பெட்டியிடமும் இருந்து எடுக்கிறது. அந்தச் சக்தி உருகிய நீரை 80 பாகை வரை சூடேற்றப் போதுமானது. ஆயினும் வெப்பமானி அசைவதில்லை. மூலக்கூறுகளின் வேகம் கூடவில்லை. பெற்ற சக்தி முழுவதும் பளிங்கின் ஒழுங்கைக் குலைத்துப் பிடியைத் தளர்த்துவதில் செலவாகிவிட்டது. நிலைமாற்றம் என்பது வேகத்தில் வரும் மாற்றம் அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மீன் பெட்டிக்குக் குளிர்ந்த நீரை விட ஐஸ் பல மடங்கு பயன்படுவதும் இதனால்தான்.

படுவான்கரையின் எருமைத்தயிர் திண்மத்துக்கும் திரவத்துக்கும் நடுவில் நிற்கிறது. பாலில் தனித்தனியாக மிதந்த கேசீன் என்ற புரதத் திரள்கள், பால் புளிக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டி வலையாகின்றன. சட்டியைச் சரித்தாலும் தயிர் ஓடாமல் நிற்பது இந்த வலையால். ஆனால் வலையின் கண்களுக்குள் அகப்பட்டிருக்கும் நீர் உறைந்ததன்று. அதன் மூலக்கூறுகள் சாதாரண நீரில் உள்ளவற்றைப் போலவே நழுவி அலைகின்றன. கரண்டியால் வெட்டினால் வலை அறுந்து நீர் ஊறி வருவது அதற்குச் சான்று. எருமைப்பாலில் புரதமும் கொழுப்பும் கூடுதல். மண்சட்டியின் நுண்துளைகளும் நீரில் ஒரு பகுதியை உறிஞ்சி வெளியே ஆவியாக்கிவிடுகின்றன. வலை நெருங்குகிறது, தயிர் இறுகுகிறது.

வாவியின் ஒலி

வாவியின் பாடும் மீன்களைக் கேட்க விரும்புவோர் கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். 1954இல் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் இந்த ஒலியைப் பதிவு செய்தார். துடுப்பை வைக்கும் அந்த வழக்கத்துக்குள் நல்ல பௌதிகம் இருக்கிறது.

ஒலி என்பது மூலக்கூறுகளின் ஒழுங்கற்ற துடிப்பின் மேல் ஏறிச் செல்லும் ஒழுங்கான தள்ளல். காற்றில் அந்தத் தள்ளலை ஒரு மூலக்கூறு இன்னொன்றிடம் ஒப்படைக்க வேண்டுமானால் இடைவெளியைக் கடந்து போய் மோத வேண்டும். ஆகவே ஒலி மூலக்கூறின் வேகத்தை மீற முடியாது: 30 பாகையில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர். நீரில் இடைவெளி இல்லை. ஒன்றைத் தள்ளினால் அடுத்தது உடனே தள்ளப்படுகிறது. அங்கே ஒலி ஏறத்தாழ 1,500 மீற்றர் வேகத்தில், மூலக்கூறின் சொந்த வேகத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேலாகச் செல்கிறது. இரும்பின் பிடி இன்னும் இறுக்கம். அதில் 5,000 மீற்றர் வரும். பிடி இறுக இறுக, துணிக்கையின் விடுதலை குறையும், செய்தியின் வேகம் கூடும்.

நீரில் இருந்து காற்றுக்கு ஏறும் ஒலியின் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்களவே கடக்கிறது. மீதி மேற்பரப்பில் பட்டு நீருக்கே திரும்பிவிடுகிறது. அடர்த்தியும் இறுக்கமும் இத்தனை வேறுபட்ட இரு ஊடகங்கள் ஒன்றுக்கொன்று சக்தியைக் கைமாற்றுவதில் மிகவும் மோசமானவை. துடுப்பின் மரம் நீருக்கு நெருங்கிய தன்மை கொண்டது. நீரின் அதிர்வை அது வாங்கி, காற்றின் இடையீடின்றிக் காதோரத்து எலும்புக்கே கொடுத்துவிடுகிறது.

உப்பு நீரும் நன்னீரும்

மாரியில் வாவி நன்னீரால் நிரம்பும். முகத்துவாரத்தின் மணல் திட்டு திறந்தபின் கடல்நீர் உள்ளே வரும். கடல்நீர் நன்னீரை விட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது. ஆகவே அடியில் தங்கி, மேலே நன்னீரைச் சுமக்கும். இந்த இரு படைகளும் மூலக்கூறுகளின் சொந்த அலைச்சலால் மட்டும் கலப்பதற்கு எவ்வளவு காலம் ஆகும்? உப்பு அயன்கள் அசைவற்ற நீரில் ஒரு சென்ரிமீற்றர் பரவ ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம் எடுக்கும். ஒரு மீற்றர் நூறு மடங்கு தூரம்; நேரமோ பத்தாயிரம் மடங்கு. கணக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் வந்து நிற்கும்.

ஒட்சிசனின் கதையும் இதுவே. 30 பாகையில் ஒரு லீற்றர் காற்றில் 270 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கும்போது, காற்றோடு நிறைவடைந்த நன்னீரில் கரைந்திருப்பது 7.5 மில்லிகிராம், கடல்நீரில் 6.2 மில்லிகிராம் அளவே. மேற்பரப்பில் கரைந்த ஒட்சிசன் தன் அலைச்சலால் மட்டும் ஒரு மீற்றர் கீழே இறங்க ஆறு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அடியில் உள்ள மீனும் இறாலும் நண்டும் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. அழுகும் தாவரங்களும் கழிவும் இருக்கும் ஒட்சிசனையும் தின்றுவிடும்.

வாவி உயிரோடு இருப்பதற்குக் காரணம், பெரும் நீர்த்திரள்கள் அப்படியே இடம் மாறுவதுதான். கச்சானும் வாடையும் எழுப்பும் அலை, வற்றுப்பெருக்கு, ஆற்றின் வரவு ஆகியன உப்பையும் ஒட்சிசனையும் கிலோமீற்றர் கணக்கில் சுமந்து செல்கின்றன. மூலக்கூறின் அலைச்சல் கடைசி ஒரு மில்லிமீற்றரில் மட்டுமே கைகொடுக்கிறது: நீர்ப்பரப்பைக் கடப்பதற்கும், மீனின் பூவுக்குள் நுழைவதற்கும். அந்தச் சிறு தூரத்தில் அது மிகத் திறமையானது. ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கை அது ஒரு செக்கனுக்குள் கடந்துவிடும். அதற்கு முன்னுள்ள தூரம் முழுவதையும் நீரோட்டமே தாண்டிக் கொடுக்க வேண்டும். ஆகவே வாவிக்குக் குறுக்கே எழுப்பும் ஒவ்வொரு தாம்போதியிலும் நீர் ஓடப் போதிய வழி விட வேண்டும். முகத்துவாரத்தைத் திறப்பதும் மூடியபடி விடுவதும் வெள்ளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யத்தக்கவை அல்ல. தடைபட்ட நீரோட்டத்தின் வேலையை மூலக்கூறுகளின் வேகம் ஈடுசெய்யாது.